களத்தில் நின்ற இரண்டு ராஜாக்கள்

வெயிலில் காய்ந்த சிமெண்டுக் களத்தில் வெறுங்காலை வைத்தால் முதலில் சூடு தெரியாது. இரண்டாவது மூச்சில்தான் உள்ளங்காலில் சுருக்கென்று ஏறும், அதற்குள் நெல்லின் சுணை கணுக்காலில் ஒட்டிக்கொண்டு அரிக்க ஆரம்பித்திருக்கும், காலை மாற்றி வைக்கலாம் என்றால் எனக்கு அந்த உரிமை கிடையாது. ஏனென்றால் நான் அப்போது ராஜா. ஒரு கட்டம் தள்ளி எனக்கு நேர் எதிரே இன்னொரு ராஜாவாகச் சுமதி நின்றுகொண்டிருப்பாள். முறை அவளுடையது. அவள் நகர்ந்த பிறகுதான் நான் நகரலாம், அவளோ என் முகத்தையும் என் கால் துடிப்பதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வேண்டுமென்றே ஆடுகளைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுமதி எனக்கு அடுத்த வீட்டுக்காரி, ஒரே வகுப்பு. சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் களத்தில் நெல்லைக் காயப் போட்டால், ஆடும் கோழியும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் இருவரின் சனி ஞாயிறு வேலை. ஊராட்சி போட்ட அந்தக் களம் சதுரம் சதுரமாக வார்க்கப்பட்டிருந்தது; நெல் பரப்பாத பாதியில் எட்டுக்கு எட்டு எண்ணி, ஓரத்தில் கரிக்கோடு கிழித்துவிட்டால் அது செஸ் பலகை. மற்ற காய்கள் எங்களுக்கு வேண்டியதில்லை. இரண்டு ராஜாக்கள் நாங்கள், ஒரே ஒரு சிப்பாயாக என் இடது கால் செருப்பு. பதினைந்து வயதுப் பெண்கள் இரண்டு பேர் ஒரு செருப்பைச் சுற்றி ஆளுக்கொரு அடி வைத்து முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, அந்த வழியாகச் சைக்கிளில் போனவர்கள் எங்களுக்குள் சண்டை என்று நினைத்து சமாதானம் சொல்லிவிட்டுப் போனதும் உண்டு.

இந்தக் கூத்துக்குக் காரணம், அதற்கு முந்திய ஆவணியில் திருவாரூரில் நான் அடித்த கூத்து. ஒன்பதாம் வகுப்பில் மாவட்டப் பள்ளிகளுக்கான செஸ் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். எங்கள் தெருவில் செஸ் தெரிந்த பிள்ளைகள் பத்துப் பேராவது இருந்தோம், ஆனால் நாங்கள் ஆடியது தெருச் சட்டப்படி. அதில் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் நினைத்த காயாக மாறிவிட முடியாது. எந்த வரிசையில் போய்ச் சேர்கிறதோ அந்த வரிசைக் காயாகத்தான் மாறும். குதிரை வரிசையில் போனால் குதிரை, மந்திரி வரிசையில் போனால் மந்திரி, ஓரத்தில் யானை வரிசையில் போனால் யானை. ராஜாவோடு யானை இருந்தால் எதிராளியைக் கட்டிப் போட்டுவிடலாம், வெறும் குதிரையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் குதிரை வரிசையில் நடந்துகொண்டிருக்கும் சிப்பாய்க்குக் கொஞ்சம் இடம் கிடைத்தாலும், எதையாவது வெட்டி அதை ஓரத்துக்குத் தள்ளிவிடுவது எங்கள் தெருப் பிள்ளைகளின் கைப்பழக்கம். போட்டியில் சட்டம் வேறு என்றும் எந்த வரிசையில் போனாலும் ராணி கிடைக்கும் என்றும் எனக்கு நன்றாகத் தெரியும். விளையாட்டு டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார், நானும் தலையை ஆட்டியிருந்தேன். தலைதான் ஆடியது, கைக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசிச் சுற்றில் மன்னார்குடியிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு ஆட்டம். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலையும் முத்துமுத்தாக எழுதிக்கொண்டு ஆடுவாள், பெயர் அபிநயா. ஜெயித்தால் எனக்கு இரண்டாம் இடம். என்னிடம் ராஜாவும் குதிரை வரிசையில் ஒரு சிப்பாயும் இருந்தன, அவளிடம் ராஜாவும் ஒரு குதிரையும். அந்தக் குதிரை எப்படியோ ஓரத்தில் வந்து மாட்டிக்கொண்டது. அதை என் ராஜாவாலும் வெட்டலாம், சிப்பாயாலும் வெட்டலாம். நான் ஒரு நொடி யோசிக்கவில்லை. என் கை சிப்பாயை எடுத்துக் குதிரையை வெட்டி, யானை வரிசையில், ஓரத்தில், அழகாகக் கொண்டுபோய் வைத்தது. அபிநயா தன் ராஜாவை மூலைக் கட்டத்தில் உட்கார வைத்தாள். நான் சிப்பாயை ஓரடி முன்னால் தள்ளினேன். அவள் ராஜா நகர இடமில்லை, ஆனால் அதற்கு ‘செக்’கும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று எண்ணிச் சிரித்தபடியே கையை நீட்டிக்கொண்டு எழுந்தேன். நடுவர் வந்து பார்த்துவிட்டு, “உக்காருங்க பாப்பா, இது டிரா” என்றார்.

டிராவுக்கு அரைப் புள்ளிதான்; அதில் நான் நான்காம் இடத்துக்குப் போனேன். அது கூடப் பரவாயில்லை. பலகையை அடுக்கும்போது அபிநயா, கெட்ட எண்ணத்தோடு சொன்னாள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சொன்னாள்: “ராஜாவால வெட்டியிருந்தா நீங்க ஈசியா ஜெயிச்சிருப்பீங்க. எதிர்நிலை தெரியாதா? அதெல்லாம் நாங்க ஆறாவதுலயே படிச்சுட்டோம்.” பேருந்தில் வலங்கைமான் வந்து சேரும் வரை அந்த ‘ஆறாவதுலயே’ என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அதுவும் அவள் மேல் அல்ல, என் வலது கை மேல்.

கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு செஸ் புத்தகம் இருந்தது. ‘எதிர்நிலை’ என்று அதில் ஒன்றரைப் பக்கம். இரண்டு ராஜாக்கள் ஒரே வரிசையில், நடுவே ஒரு கட்டம் விட்டு, நேருக்கு நேர் நிற்கிறார்கள்; ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் போகக்கூடாது என்பதால் இருவருமே முன்னால் வர முடியாது; இப்போது யார் முறையோ அவர் விலகித்தான் ஆக வேண்டும், அவர் விலகினால் மற்றவர் உள்ளே நுழைவார். ஆகவே, அந்த நிலைக்கு வரும்போது முறை எதிராளியுடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வித்தை. இவ்வளவுதான் விஷயம். எட்டு முறை படித்தேன், படிக்கும்போது புரிந்தது, பலகையில் வைத்தால் மறந்துபோனது. சுமதிதான், “காயை வச்சு ஏன்டி கண்ணைக் கெடுத்துக்கிற, நாமளே நின்னு பாப்போம் வா” என்று களத்தில் கோடு கிழித்தாள். எதிர்நிலை என்ற பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் வைத்த பெயர் ‘மொறைப்பு’.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மொறைப்பு என்னைவிடச் சுமதிக்குச் சீக்கிரம் பிடிபட்டது. நான் கட்டங்களை எண்ணிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் பொத்தென்று சரியான கட்டத்தில் குதித்து நிற்பாள். அவளிடம் செருப்பு இருந்தால் அதைக் கடைசி வரை கொண்டுபோய்விடுவாள்; என்னிடம் இருந்தால் வழி மறித்து டிரா ஆக்கிவிடுவாள். செருப்பு கடைசிக்கு முந்திய கட்டங்களுக்கு வந்துவிட்டால், தடுக்கிற ராஜா கோணலாக ஒதுங்கக்கூடாது, நேர் பின்னால் ஓரடி வைக்க வேண்டும், அப்படி வைத்தால் எதிராளி எந்தப் பக்கம் ஏறி வந்தாலும் முகத்துக்கு முகம் போய் நின்றுகொள்ளலாம் என்பதை அவளே கண்டுபிடித்தாள். புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்துபோயிருந்தது. ஆனால் பள்ளியிலிருந்து ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள், நான் ஏற்கெனவே போய்வந்தவள் என்பதால் அது நான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். சுமதியும் எடுத்துக்கொண்டாள். “எனக்கெதுக்குடி, திருவாரூர் பஸ்ல ஏறுனாலே வாந்தி வருது” என்பாள்.

சுமதிக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம், நெல்லைக் காலால் கிண்டிவிட வந்த அம்மாவை ராஜாவாக நிறுத்தினேன். அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சொன்ன கட்டத்தில் நின்றாள்.

“இப்ப ஒன் மொறைம்மா, நகரு.”

“நான் ஏன் நகரணும்? நான் பாட்டுக்கு நிக்கிறேன்.”

“நின்னா ஆட்டம் எப்படி நடக்கும்? நகர்ந்துதான் ஆவணும், அதான் சட்டம்.”

“நல்லாருக்குடி ஒன் சட்டம். நல்ல எடத்துல நிக்கிறவளை வெலகிப் போங்கிறது” என்று சொல்லி, என் செருப்பைக் காலால் எத்திவிட்டு நெல் கிண்டப் போய்விட்டாள்.

அம்மா அப்படித்தான். அறுப்பு இயந்திரத்தோடு சீசன் முழுதும் ஊர் ஊராகப் போய்விடும் அப்பாவுக்குப் பதிலாக வீட்டில் எல்லா முடிவும் அவளுடையது, எடுத்த முடிவிலிருந்து இறங்கி வந்ததாகச் சரித்திரமில்லை. என்னைப் பற்றியும் அவள் ஒரு முடிவெடுத்திருந்தாள். பத்தாவது முடிந்ததும் நான் திருப்பூருக்கு அத்தை வீட்டுக்குப் போய், அத்தை வேலை செய்யும் பனியன் கம்பெனியில் சேர வேண்டும். எங்கள் தெருவில் அது ஒரு தண்டனையாக நினைக்கப்படவில்லை. எனக்கு முன்னால் நான்கு பெண்கள் போயிருந்தார்கள். ஆனால் எனக்குப் படிக்க வேண்டும். தஞ்சாவூரில் ஒரு பள்ளி, விளையாட்டில் மாவட்ட அளவில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் பெண்களுக்குப் பதினொன்றாம் வகுப்பில் விடுதியோடு இடம் கொடுக்கிறது என்று விளையாட்டு டீச்சர் சொன்ன நாளிலிருந்து, எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த ஒரு வழிதான் எனக்குத் தெரிந்த வழி.

பத்தாவது தொடங்கியதும் வகுப்பு டீச்சர் குறுக்கே நின்றார். பத்தாவதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு கிடையாது, வேண்டுமென்றால் அம்மா வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்றார். அம்மாவோ எழுதிக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். ஒன்பது நாள் வீட்டில் நானும் அம்மாவும் பேசவில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டேன், அவ்வளவுதான். பத்தாம் நாள், “நானே வந்து அந்த டீச்சர்கிட்ட அனுப்ப வேணாம்னு சொல்றேன், அப்பத்தான் ஒனக்கு அடங்கும்” என்று என்னோடு கிளம்பி வந்தாள். வழியெல்லாம் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால்.

டீச்சர் எங்களை நிற்க வைத்துக்கொண்டே, அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால், “நானும் அதையேதான் சொல்றேன். எப்படியும் பத்தாவதோட நிக்கப் போற பொண்ணு. பாஸ் பண்ணினாலே பெரிசு. இதுக்கு என்னத்துக்குப் போட்டியும் கீட்டியும்?” என்றார்.

அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

“நிக்கிறாளா போறாளான்னு நான்ல சொல்லணும், டீச்சர்? எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க.”

பள்ளியை விட்டு வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். “மொத ரெண்டு எடத்துல வந்தா தஞ்சாவூரு. இல்லாட்டி திருப்பூரு. அப்புறம் ஒரு சொட்டு கண்ணீர் விடக்கூடாது, சொல்லிட்டேன்.” சரி என்றேன். அதைவிடத் தெளிவான ஒப்பந்தத்தை அதன் பிறகு என் வாழ்க்கையில் யாரோடும் செய்துகொண்டதில்லை.

அந்த ஆவணியில் மீண்டும் திருவாரூர், மீண்டும் கடைசிச் சுற்று, மீண்டும் எதிரே அபிநயா. இந்த முறை அவள் முதலிடத்தில் இருந்தாள். எனக்கு இரண்டாம் இடத்துக்கு ஓர் அரைப் புள்ளி போதும், தோற்றால் ஐந்தாவது. நான் நன்றாக ஆடினேன் என்று எழுத ஆசைதான், ஆனால் ஆடவில்லை. பயத்தில் ஆடினேன், நடு ஆட்டத்திலேயே ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்துவிட்டேன், பிறகு அவள் ஒவ்வொரு காயாக மாற்றி மாற்றி வெட்டி, கடைசியில் அவளிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், என்னிடம் தனி ராஜாவும் என்று கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் சிப்பாய் ராணியாக இன்னும் இரண்டே அடி. அதை மறித்துக்கொண்டு முன்னால் என் ராஜா, முறை என்னுடையது. நான் விலகித்தான் ஆக வேண்டும்.

பின்னால் போக மூன்று கட்டங்கள் இருந்தன. நேர் பின்னால் ஒன்று, கோணலாக இரண்டு. கோணலாகப் போகும் கட்டங்களில் ஒன்று அவள் ராஜாவுக்குப் பக்கமாக, தடுப்பதற்கு வசதியானதுபோலத் தெரிந்தது, என் கை அதை நோக்கி நகர்ந்தும்விட்டது. நான் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். நடுவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பார்க்கட்டும். நான் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, சிமெண்டுத் தரையில் உள்ளங்காலை வைத்து, சுமதி நின்றால் எங்கே நிற்பாள் என்று மட்டும் யோசித்தேன். அவள் குதிப்பது தெரிந்தது. நேர் பின்னால்.

வைத்தேன். அபிநயாவின் ராஜா இடப்பக்கம் ஏறி வந்தது. நான் அதற்கு நேர் எதிரே போய் நின்றேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். சிப்பாயைத் தள்ளினாள், ‘செக்’ என்றாள், நான் சிப்பாய்க்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். இப்போது அவள் தன் சிப்பாயைக் கைவிட வேண்டும், இல்லை என் ராஜாவை நகர இடமில்லாமல் அடைக்க வேண்டும். அடைத்தாள். டிரா. போன வருடம் என் தலையில் இடியாக விழுந்த அதே சொல்லை, இந்த வருடம் நடுவர் சொல்லி முடிக்கும் வரை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அபிநயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “கத்துக்கிட்டீங்க போல. யார் சொல்லிக் கொடுத்தா?” என்றாள். “நானா புத்தகத்துல படிச்சேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சுமதி என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பத்தாவது முடிவு வந்ததும் தகரப் பெட்டி, பாய், வாளி எல்லாம் வாங்கிக் கொடுத்து என்னைத் தஞ்சாவூர் விடுதியில் சேர்த்தாள். ஆனால் திருப்பூரில் அத்தை, ஊரிலிருந்து ஒரு பெண் வருவாள் என்று கம்பெனியில் சொல்லி வைத்திருந்தாள். அந்த இடத்துக்குச் சுமதி போனாள். கணக்கில் அவள் மதிப்பெண் என்னைவிட அதிகம். அவளுக்கு விடுதி இல்லை, இரண்டாம் இடம் இல்லை, வீட்டில் அவளுக்காகக் கழுத்து நரம்பு புடைக்க யாரும் நின்றதுமில்லை. அவள் பேருந்து ஏறிய நாளில் நான் விடுதியில் புதிய தோழிகளோடு கட்டில் பிடிக்கும் சண்டையில் இருந்தேன். வழியனுப்பப் போகவில்லை. போயிருக்க முடியும், தஞ்சாவூர் வழியாகத்தான் அந்தப் பேருந்து போயிற்று. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் கல்லூரி முடித்து, தேர்வெழுதி, இப்போது கும்பகோணத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். களம் இருந்த இடத்தில் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. நெல் இயந்திரத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுவதால், காயப் போட்டுக் காவல் காக்கும் வேலை எங்கள் தெருப் பெண்களுக்கு இல்லை. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சுணை அரித்தவர்களுக்குத்தான் தெரியும். தெருச் சட்டம் தெரிந்த பிள்ளைகளும் இப்போது இல்லை. செல்போனில் ஆடுகிறார்கள், சிப்பாய் கடைசிக்குப் போனால் அதுவாகவே ராணியாகிவிடுகிறது. சுமதியும் நானும் ஒன்றாக நின்ற இடம் என்று காட்ட ஊரில் ஒன்றும் மிச்சமில்லை.

சுமதி திருப்பூரிலேயே கல்யாணமாகி, திருப்பூர்க்காரி ஆகிவிட்டாள். பொங்கலுக்குப் பொங்கல் பேசுவோம், விசாரிப்போம், வைத்துவிடுவோம். போன வாரம் பொங்கல் இல்லாமல் கூப்பிட்டாள். அவள் மகள் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டாளாம். மாமியாரும் வீட்டுக்காரரும், படித்தது போதும், கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள் என்கிறார்களாம். மகள் சாப்பிடாமல் கிடக்கிறாளாம். நான் பதறிப்போய், நான் வேண்டுமானால் வந்து பேசட்டுமா, யாரிடமாவது சொல்லட்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். சுமதி என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் வேணாம் செல்வி. பதினொண்ணாவது சேக்கப் போறதுக்கு அப்ளிகேஷன் வாங்கியாந்துட்டேன். இன்னியோட நாலு நாளா வீட்ல யாரும் என்கிட்ட பேசல. நானும் பேசல. பேசாட்டிப் போறாங்க, அவங்கதான் வழி விடணும். நான் எங்கயும் போறதா இல்ல.”

பிறகு, அப்ளிகேஷனில் ஒரு இடம் புரியவில்லை, படிக்கிறேன் சொல்லு என்றாள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.